விலைவாசி குறைந்தது என்றால் எது குறைந்தது?

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் பேசியது)

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் வந்த ஒரு செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அக்டோபர் மாதத்தில் நாட்டின் சில்லறை விலைவாசி உயர்வு 0.25 சதவிகிதம்தான் என்றார்கள். அதாவது நூறு ரூபாய்க்குக் கால் ரூபாய். 2012-ஆம் வருஷத்தை அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட அந்தக் கணக்கில் இவ்வளவு குறைவாக அதுவரை வந்ததே இல்லை.

அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு நம்ம கரிசல் காட்டு விவசாயி ஒருவர் பலசரக்குக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு எப்படிப் போகும்?

"ஏன் அண்ணாச்சி, விலைவாசி எறங்கிட்டுன்னு ரேடியோவுல சொல்லுதாங்க. ஒங்க கடையில எண்ணெய் வெல மட்டும் எறங்க மாட்டேங்கே?"

"அது டெல்லிக் கணக்கு அய்யா. எனக்குத் தூத்துக்குடி மொத்தக் கடையில போட்ட பில்லுதான் கணக்கு."

"சரி, எங்க உளுந்து வெல மட்டும் எறங்கிட்டே, அது எந்த ஊருக் கணக்கு?"

இந்தப் பேச்சில் யார் சொன்னதும் பொய் இல்லை. ரேடியோ சொன்னதும் சரி, அண்ணாச்சி சொன்னதும் சரி, விவசாயி கேட்டதும் நியாயம். மூன்றும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். ஏட்டில் படிக்கிற பொருளாதாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உளுந்தை எப்போது விற்பது, குத்தகையைப் பணமாகப் பேசுவதா நெல்லாகப் பேசுவதா, கையிலிருக்கும் காசை என்ன செய்வது என்கிற கேள்விகளுக்கெல்லாம் இதில்தான் பதில் இருக்கிறது.

கூடைக் கணக்கு

விலைவாசியை எப்படி அளக்கிறார்கள்? மத்திய அரசின் புள்ளியியல் துறை, ஒரு சராசரிக் குடும்பம் மாதாமாதம் என்னென்ன வாங்குகிறது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டியல் போடுகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், மீன், துணிமணி, விளக்குச் செலவு, பஸ் கட்டணம், பள்ளிக்கூடச் செலவு, வைத்தியச் செலவு எல்லாம் அதில் உண்டு. இந்தப் பட்டியலை ஒரு கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012 வரிசையில் நாடு முழுவதும் 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை கேட்டு, இந்தக் கூடைக்கு என்ன விலை ஆகிறது என்று மாதந்தோறும் கணக்குப் பார்த்தார்கள். அதற்குப் பெயர்தான் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். போன வருஷம் இதே மாதத்தில் இருந்ததைவிட இந்த எண் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அதைத்தான் பணவீக்கம் என்று செய்தியில் சொல்கிறார்கள்.

கூடையில் எல்லாச் சாமானுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. எதற்கு அதிகம் செலவாகிறதோ அதற்கு எடை அதிகம். 2012 வரிசையில் கிராமத்துக் கூடையில் உணவுப் பொருள்களின் எடை மட்டும் நூற்றுக்கு 54. நகரமும் கிராமமும் சேர்ந்த கூடையில் நூற்றுக்கு 46 போல. ஆகவே காய்கறி விலையும் பருப்பு விலையும் சரிந்தால் மொத்த எண்ணும் சரிந்துவிடும்.

ஒரு பேச்சுக்கு ஒரு சின்னக் கூடையை எடுத்துக்கொள்வோம். அரிசி முதலானது 500 ரூபாய், காய்கறி 100, எண்ணெய் 100, பஸ், மருந்து, பள்ளிக்கூடம், துணி எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 1,000 ரூபாய். அடுத்த வருஷம் அரிசி விலை அப்படியே நிற்கிறது. காய்கறி 75-க்கு இறங்குகிறது. எண்ணெய் 115-க்கு ஏறுகிறது. மற்றது 315 ஆகிறது. கூட்டிப் பாருங்கள்: 1,005 ரூபாய். அதாவது அரை சதவிகிதம்தான் உயர்வு. ரேடியோவில் 'அரை சதவிகிதம்' என்று சொல்வார்கள். எண்ணெய் வாங்கப் போகிறவருக்கோ 15 சதவிகிதம் ஏற்றம். இரண்டும் உண்மைதான்.

2025 அக்டோபரில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. முந்தின வருஷத்து அக்டோபரோடு ஒப்பிட்டால் காய்கறி விலை 27 சதவிகிதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. பருப்பு வகை சுமார் 16 சதவிகிதம் இறங்கியிருந்தது. எண்ணெய் வகையோ சுமார் 11 சதவிகிதம் ஏறியிருந்தது. இதற்கிடையே செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. வரியையும் குறைத்திருந்தார்கள். எல்லாம் கலந்து கால் சதவிகிதம் என்று வந்தது.

வெள்ளம் ஏறுவதும் வடிவதும்

இங்கே நம்மில் பலர் ஒரு தப்புச் செய்கிறோம். 'பணவீக்கம் குறைந்தது' என்றால் 'விலை குறைந்தது' என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ரயிலே நடுவழியில் நின்றது. அந்த மாதிரி வெள்ளத்தில் தண்ணீர் முதலில் மணிக்கு ஒரு முழம் ஏறுகிறது. பிறகு மணிக்கு ஒரு விரற்கடை ஏறுகிறது. 'ஏற்றம் குறைந்துவிட்டது' என்று சொல்லலாம். ஆனால் வீட்டுக்குள் நிற்கிற தண்ணீர் வடிந்துவிட்டதா? இல்லையே. ஏறுகிற வேகம்தான் குறைந்தது. மட்டம் மேலேதான் நிற்கிறது.

விலைவாசியும் அப்படித்தான். நம் நாட்டில் சராசரி விலை உயர்வு 2020-21-ல் 6.2 சதவிகிதம், 2021-22-ல் 5.5, 2022-23-ல் 6.7, 2023-24-ல் 5.4, 2024-25-ல் 4.6. கடைசி இரண்டு வருஷங்களில் உயர்வு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். 2019-20-ல் 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 2024-25-ல் ஏறத்தாழ 1,318 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு உயர்வு கால் சதவிகிதம் என்றால், அந்த 1,318-ன் மேல் இன்னும் கொஞ்சம் ஏறியது என்றுதான் அர்த்தம். பழைய ஆயிரத்துக்குத் திரும்பவில்லை.

போன வருஷத்தின் நிழல்

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. விலைவாசி உயர்வை எப்போதும் போன வருஷத்து இதே மாதத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். போன வருஷம் விலை தாறுமாறாக ஏறியிருந்தால், இந்த வருஷத்து எண் தானாகவே குறைவாகத் தெரியும்.

காய்கறியையே பாருங்கள். 2024 அக்டோபரில் அதன் விலை முந்தின வருஷத்தைவிட சுமார் 42 சதவிகிதம் ஏறியிருந்தது. 2023-ல் 100 ரூபாய்க்கு வாங்கிய காய்கறி 2024-ல் 142 ரூபாய். 2025 அக்டோபரில் 27 சதவிகிதத்துக்கு மேல் இறங்கி 103 ரூபாய்க்கு வந்தது. இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று ரூபாய்தான் வித்தியாசம்! தக்காளியோ வெங்காயமோ கத்தரியோ போட்டவர் இரண்டு வருஷத்துக்கு முந்தின விலைக்கே திரும்ப வந்து நின்றார். அதே இரண்டு வருஷத்தில் அவர் கொடுக்கிற கூலியும் வண்டி வாடகையும் அப்படியே நின்றதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாங்குகிறவர் கூடையும் விற்கிறவர் களமும்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த விலைக் குறியீட்டெண் யாருடைய கணக்கு? வாங்குகிறவருடைய கணக்கு. அதில் உளுந்து ஒரு செலவு. ஆனால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு உளுந்து ஒரு வரவு. பருப்பு விலை 16 சதவிகிதம் இறங்கினால் பட்டணத்துக் குடும்பத்துக்கு லாபம். அதையே விற்றுப் பிழைக்கிற குடும்பத்துக்கு?

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவருக்கு மூன்று குவிண்டால் உளுந்து கிடைத்தது. போன வருஷம் குவிண்டால் 8,000 வீதம் விற்றார். 24,000 ரூபாய் வந்தது. இந்த வருஷம் அதே மூன்று குவிண்டால். களத்து விலை 16 சதவிகிதம் இறங்கியிருந்தால் கையில் வருவது 20,160 ரூபாய். 3,840 ரூபாய் போய்விட்டது. அவர் வீட்டுச் செலவு கால் சதவிகிதம்தான் ஏறியது என்று சொன்னால் அவருக்கு அது ஆறுதலாகுமா? கடை விலை இறங்குகிற அளவும் களத்து விலை இறங்குகிற அளவும் எப்போதும் ஒன்றாக இருக்காது. ஆனால் இறங்குகிற திசை ஒன்றுதான்.

ஆகவே விவசாயி விலைவாசியை இரண்டு கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கண் கடைப் பட்டியலில் இருக்கட்டும், மறு கண் களத்தில் இருக்கட்டும்.

அரசு அறிவிக்கிற குறைந்தபட்ச ஆதரவு விலையை இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள். 2019-20-க்கும் 2024-25-க்கும் இடையே சாதாரண ரக நெல்லுக்கு குவிண்டாலுக்கு 1,815-லிருந்து 2,300 ரூபாய் ஆயிற்று. இது 27 சதவிகிதம். மக்காச்சோளம் 1,760-லிருந்து 2,225. இது 26 சதவிகிதம். பாசிப்பயறு 7,050-லிருந்து 8,682. இது 23 சதவிகிதம். உளுந்து 5,700-லிருந்து 7,400. இது 30 சதவிகிதம். கம்பு 2,000-லிருந்து 2,625. இது 31 சதவிகிதம். நடுத்தர இழைப் பருத்தி 5,255-லிருந்து 7,121. இது 35 சதவிகிதத்துக்கு மேல்.

அதே ஐந்து வருஷத்தில் விலைவாசி ஏறியது ஏறத்தாழ 32 சதவிகிதம். அப்படியானால் பருத்தி மட்டும்தான் விலைவாசியை முந்தியது. கம்பும் உளுந்தும் கிட்டத்தட்ட ஒட்டி வந்தன. நெல்லும் மக்காச்சோளமும் பாசிப்பயறும் பின்தங்கின. ரூபாயில் பார்த்தால் நெல்லுக்கு 485 ரூபாய் கூடியிருக்கிறது. சாமானாக மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாநில அரசு நெல்லுக்கு மேலே தருகிற ஊக்கத்தொகையை இதில் சேர்க்கவில்லை. அதைவிட முக்கியம், இது அறிவித்த விலை. உங்கள் கைக்கு வந்த விலை எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடல் வழியாக வருகிற விலை

நம்ம ஜில்லாவுக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. வெளியுலக விலை நம் வாசலில் வந்து இறங்குகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் நிலக்கரி வருகிறது, உர மூலப்பொருள் வருகிறது, சமையல் எண்ணெய் வருகிறது. நம் நாடு பயன்படுத்துகிற சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியபோது, அங்கே எடுத்த முடிவு இங்கே தாளிக்கிற கரண்டி வரைக்கும் வந்தது.

சுங்க வரியும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் கச்சாச் சமையல் எண்ணெய் இறக்குமதிக்கு அடிப்படை வரியை 20 சதவிகிதம் ஆக்கினார்கள். எண்ணெய் வித்து விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கட்டும் என்பது காரணம். கடையில் எண்ணெய் விலை ஏறியது. 2025 மே மாதக் கடைசியில் அதை 10 சதவிகிதமாகக் குறைத்தார்கள். வாங்குகிறவர் சிரமம் குறையட்டும் என்பது காரணம். ஒரே தராசில் இரண்டு தட்டு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கத்தான் செய்யும்.

உளுந்திலும் இதே கதை. 2021 மே மாதம் உளுந்தையும் துவரையையும் தடையில்லாமல் இறக்குமதி செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. பிறகு அந்த அனுமதியைத் திரும்பத் திரும்ப நீட்டித்து வந்தது. நமக்கு உளுந்து பெரும்பாலும் பர்மாவிலிருந்து, அதாவது மியான்மரிலிருந்து, வருகிறது. பருப்பு விலை ஏறி, குறியீட்டெண்ணும் ஏறினால் முதலில் திறக்கிற கதவு இறக்குமதிக் கதவுதான்.

மறு பக்கம், ஏற்றுமதிக் கதவை மூடுவதும் உண்டு. 2023 ஜூலையில் பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து, 2024 மே மாதம்தான் தடையை எடுத்தார்கள். விளைந்ததைக் கப்பலேற்ற முடியாவிட்டால் உள்ளூரில் தேங்கும். தேங்கினால் விலை விழும். வாங்குகிறவர் கூடை இலேசாகும், விற்கிறவர் மனசு கனக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. விலைவாசி எண் ஏறுகிற செய்தியைக் கேட்டதுமே, 'அடுத்து நம்ம விளைச்சலுக்கு என்ன உத்தரவு வரும்?' என்று நீங்கள் யோசிக்கப் பழக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கரையில் நடந்தது

விலைவாசி கட்டுக்கடங்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் வெகு தூரம் போய்ப் பார்க்க வேண்டாம். நமக்கு எதிர்க்கரை இலங்கை. 2021-ஆம் வருஷம் அந்த நாட்டு அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியது. நெல்லும் தேயிலையும் விளைச்சல் குறைந்தன. அந்த வருஷக் கடைசிக்குள் உத்தரவை மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் போன போகம் திரும்பி வரவில்லை. இதற்கு மேல் வெளிநாட்டுக் கடன், டாலர் தட்டுப்பாடு, அரசு செலவுக்காகப் பணத்தை அச்சடித்தது எல்லாம் சேர்ந்துகொண்டன. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய் என்று இருந்தது, சில மாதத்தில் 360 ஆயிற்று. 2022 செப்டம்பரில் கொழும்புக் கணக்குப்படி விலைவாசி ஒரு வருஷத்தில் ஏறியது 69.8 சதவிகிதம். உணவுப் பொருள் மட்டும் 94.9 சதவிகிதம். நூறு ரூபாய்ச் சாப்பாட்டுச் சாமான் ஏறத்தாழ 195 ரூபாய்!

அந்த 2022 ஜூன் மாதம் தமிழ்நாட்டு மக்கள் சார்பில் அரிசியும் பால்பவுடரும் மருந்தும் நம்ம தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறிப் போயின.

அடுத்த வருஷம், 2023 செப்டம்பரில், அங்கே விலைவாசி உயர்வு 1.3 சதவிகிதம் என்று செய்தி வந்தது. நான் முன்னே சொன்ன வெள்ளக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 70 போய் 1.3 வந்ததால் பழைய விலை வந்துவிடவில்லை. ஏறின விலை ஏறினபடியே நின்றது. கூலிக்காரரும் ஓய்வூதியக்காரரும் அந்த மேட்டு விலையிலேயே வாழ்க்கை நடத்த வேண்டியதாயிற்று.

நம்ம நாடும் ஒரு காலத்தில் சூடு பட்டதுதான். தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலை. அதே 1974-ல் நம் நாட்டில் சில்லறை விலைவாசி சுமார் 28 சதவிகிதம் ஏறியது. முந்தின வருஷங்களில் மழை பொய்த்தது. 1973 கடைசியில் அரபு நாடுகள் பெட்ரோலிய விலையைப் பல மடங்கு ஏற்றின. இரண்டும் சேர்ந்து அடித்தன. அதற்கு அடுத்து மழை பெய்து விளைச்சல் நன்றாக இருந்ததும் 1976-ல் விலைவாசி உண்மையிலேயே கீழே இறங்கியது. விலைவாசிக்கு முதல் மருந்து மழையும் விளைச்சலும்தான் என்பதற்கு அந்த வருஷம் சாட்சி.

இரண்டாவது மருந்து பாங்கு வட்டி. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, விலைவாசி உயர்வை 4 சதவிகிதத்தை ஒட்டி வைக்க வேண்டும், 2-க்குக் கீழேயும் 6-க்கு மேலேயும் போகக்கூடாது என்று இலக்கு வைத்தார்கள். 2022 ஏப்ரலில் உயர்வு 7.79 சதவிகிதம் ஆனபோது, ரிசர்வ் வங்கி தன் வட்டியை 4-லிருந்து படிப்படியாக ஏற்றி 2023 பிப்ரவரியில் 6.5 ஆக்கியது. வட்டி ஏறினால் கடன் வாங்குகிறவர் யோசிப்பார், செலவு குறையும், விலை அடங்கும். விலை தணிந்ததும் 2025-ல் வட்டியைப் படிப்படியாகக் குறைத்தது. ஆனால் வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்குமா? 2023 ஜூலையில் தக்காளி விலை தலைக்கு மேல் போனபோது வட்டி ஒன்றும் செய்ய முடியவில்லை. புதுத் தக்காளி சந்தைக்கு வந்த பிறகுதான் விலை இறங்கியது.

பணக் கூலியும் பங்குக் கூலியும்

அந்தக் காலத்தில் நம் கரையில் முத்துச் சலாபம் நடந்தது. 1961-ல் நடந்ததுதான் கடைசி. அன்றன்று கரை சேர்ந்த சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கிய வியாபாரி சிப்பியைத் திறந்து நல்ல முத்துக் கண்டால் மறுநாள் ஏலம் ஏறும். இல்லாவிட்டால் இறங்கும். குளியாளுக்குக் கூலி பணமாக இல்லை, சிப்பியிலேயே பங்கு. சிப்பி விலை ஏறினால் அவன் கூலியும் ஏறும், விழுந்தால் அவன் கூலியும் விழும். ஆற்றுப் பாசனத்தில் அறுப்புக் கூலியை நெல்லாக அளந்ததும் இதே முறைதான். நெல்லாக வாங்கியவனுக்கு நெல் விலை ஏறினாலும் கவலை இல்லை, வயிறு நிறையும்.

இன்றைக்குக் கூலி பணமாகிவிட்டது. பணக் கூலி விலைவாசியோடு தானாக ஏறாது. யாராவது ஏற்ற வேண்டும். அதனால்தான் விவசாயத் தொழிலாளருக்கென்று தனியாக ஒரு விலைக் குறியீட்டெண்ணைத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. குறைந்தபட்சக் கூலியைத் திருத்துவதற்கும், நூறு நாள் வேலைக் கூலியை ஆண்டுதோறும் மாற்றுவதற்கும் அதைத்தான் பார்த்து வந்தார்கள். ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். 1983-ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கை வைத்துக் கட்டிய கூடையைத்தான் 2025 வரை அதற்குப் பயன்படுத்தினார்கள்! 1983-ல் எந்தக் கூலிக்காரர் வீட்டில் செல்போன் இருந்தது? 2025-ல்தான் 2019-ஐ அடிப்படையாகக் கொண்ட புதுக் கூடை வந்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே நம் வீட்டுக் கூடையும் டெல்லிக் கூடையும் ஒன்றாக இருக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: உங்கள் வீட்டுக்கு நீங்களே ஒரு கணக்கு வையுங்கள். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று போதும். வருஷா வருஷம் தை மாதத்தில், நீங்கள் விற்றதன் விலையை ஒரு பக்கமும் வாங்கியதன் விலையை மறு பக்கமும் எழுதுங்கள். ஒரு லிட்டர் டீசல், ஒரு மூட்டை உரம், ஒரு நாள் களையெடுப்புக் கூலி, டிராக்டர் ஒரு மணி வாடகை, ஒரு கிலோ எண்ணெய், பஸ் சார்ஜ். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு குவிண்டால் உளுந்து விற்றால் எத்தனை மூட்டை உரம், எத்தனை ஆள் கூலி, எத்தனை லிட்டர் டீசல்? ஆதரவு விலைப்படி 2021-22-ல் ஒரு குவிண்டால் உளுந்து 6,300, டி.ஏ.பி. மூட்டை 1,200. ஆக ஐந்தேகால் மூட்டை. 2024-25-ல் உளுந்து 7,400, டி.ஏ.பி. 1,350. ஏறத்தாழ ஐந்தரை மூட்டை. உரத்துக்கு அரசு மானியம் இருப்பதால் அதில் நாம் தோற்கவில்லை. கூலியிலும் வாடகையிலும் என்ன ஆயிற்று? உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையிலோ விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலோ பேசிப் பாருங்கள். பேச்சுக்கு ஒரு பலம் வரும்.

இரண்டு: அவசரத்துக்கு வேண்டியது போக, மிச்சப் பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருக்காதீர்கள். 2019-20-ல் வைத்த 10,000 ரூபாய், 2024-25-ல் சாமான் வாங்கப் போனால் பழைய 7,600 ரூபாய்க்குத்தான் சமம். நோட்டு அப்படியே இருக்கும், அதன் பலம் கரையும். தபாலாபீசிலோ கூட்டுறவு பாங்கிலோ போட்டால் வட்டி அந்தக் கரைசலை ஓரளவு ஈடு கட்டும்.

மூன்று: கடனைப் பற்றி. கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. விலைவாசி வருஷம் 5 சதவிகிதம் ஏறுகிறபோது வட்டியில்லாக் கடன் என்பது பெரிய சகாயம். அதைத் தவணை தவறிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவிகிதம். எந்த விலையேற்றமும் அந்தக் கடனை இலேசாக்காது.

நான்கு: குத்தகையைப் பணமாகப் பேசி ஐந்து வருஷத்துக்கு நிலையாக வைத்தால், விலைவாசி ஏற ஏற நிலக்காரருக்கு நஷ்டம், பயிரிடுகிறவருக்கு லாபம். நெல்லாகப் பேசினால் இரண்டு பேரும் விலையோடு சேர்ந்து போகலாம். விளைச்சல் பொய்த்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து: அறுவடை வேகத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்றால் விலை விழத்தான் செய்யும். உளுந்தை நன்றாகக் காயவைத்து, வண்டு விழாதபடி சுத்தம் செய்து, பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். கை முடையும் தீரும், விலைக்கும் காத்திருக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இறக்குமதி உத்தரவு, வரி மாற்றம் இவற்றைச் செய்தியில் கவனித்து வாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கப் போகிறது என்று தெரிந்தால், வருகிற விலைக்கு விற்றுவிடுவதே புத்தி.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை 'விலைவாசி குறைந்தது' என்று நீங்கள் கேட்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். குறைந்தது விலையா, ஏறுகிற வேகமா? எந்தச் சாமான் குறைந்தது? அந்தச் சாமானை நான் வாங்குகிறேனா, விற்கிறேனா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், ரேடியோ சொல்கிற கணக்கும் அண்ணாச்சி கடைக் கணக்கும் உங்கள் களத்துக் கணக்கும் எங்கே சேருகின்றன, எங்கே பிரிகின்றன என்று தெளிவாகிவிடும். இந்தத் தை மாதமே அந்த நோட்டை ஆரம்பித்துவிடுங்கள்.